உறைப்புக் கறியும் குளிர்ந்த லாகரும்

பிரித்தானியாவில் இந்திய உணவகம் ஒன்றுக்குள் நுழைந்து மேசையில் அமர்ந்தால், பொரித்த அப்பளம் வந்து சேரும் முன்பே "குடிக்க என்ன கொண்டு வர?" என்ற கேள்வி வந்து விடும். பக்கத்து மேசைகளைப் பார்த்தால் விடை தெரியும். வெளிர் மஞ்சள் நிறத்தில், வெளியே குளிர் நீர் துளிர்த்தபடி நிற்கும் லாகர் பியர். மீனுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் போல, கறிக்கு லாகர் என்பது இந்நாட்டு மக்களிடம் ஒரு வழக்கமாகி விட்டது.

இந்த வழக்கம் எம்மவர் வீடுகளுக்குள்ளும் வந்து பல ஆண்டுகளாகி விட்டன. பிறந்தநாளோ, சாமத்தியச் சடங்கோ, மண்டபத்துக்குள்ளே பெண்களும் பிள்ளைகளும் அமர்ந்திருக்க, வெளியே கார்த் தரிப்பிடத்தில் டிக்கியைத் திறந்து வைத்துக் கொண்டு ஆண்கள் கூட்டமாக நிற்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். கையில் லாகர், பக்கத்தில் உறைப்பான ஆட்டிறைச்சிப் பிரட்டல், டெவில் செய்த கோழி, மிக்சர். கேட்டால், "விஸ்கி இல்லைத்தானே டொக்டர், வெறும் பியர்தானே" என்பார்கள். இன்னும் சிலர், "உறைப்புக்குப் பியர் நல்லது, உடம்புச் சூட்டைத் தணிக்கும்" என்று எமக்கே வைத்தியம் சொல்வார்கள். இதில் எது உண்மை, எது பொய், எங்கே ஆபத்து என்பதையே இம்முறை எழுதுகிறோம். குடிப்பவர்களைத் திட்டுவது எமது நோக்கமில்லை. திட்டு வாங்கியவர் அடுத்த முறை வைத்தியரிடம் உண்மை சொல்ல மாட்டார்.

முதலில் இந்தச் சோடி எப்படிச் சேர்ந்தது என்று பார்ப்போம். வெளிர் நிற லாகர் இந்தியாவிலும் பிறக்கவில்லை, இங்கிலாந்திலும் பிறக்கவில்லை. இன்றைய செக் நாட்டிலுள்ள பில்சன் நகரில் 1842 இல் முதன்முதலாக வடிக்கப்பட்டது. லாகர் என்ற பெயரே ஜேர்மன் மொழியில் சேமித்து வைப்பதைக் குறிக்கும் சொல்லில் இருந்து வந்தது. குளிரான நிலவறைகளில் வாரக்கணக்கில் வைத்துப் பக்குவப்படுத்துவார்கள். ஆங்கிலேயர் நெடுங்காலமாக அதிகம் குளிரூட்டாத, கபில நிற ஏல் வகைகளையே குடித்து வந்தனர். 1960களிலும் 70களிலும்தான் லாகர் இந்நாட்டில் வேகமாகப் பரவியது. அதே காலத்தில்தான் சிலெட் பகுதியில் இருந்து வந்த வங்காளிகள் நகரந்தோறும் 'இந்தியன்' என்ற பெயரில் உணவகங்களைத் திறந்தனர். அன்றைய சட்டப்படி பப் கடைகள் இரவு 11 மணிக்கு மூட வேண்டும். கறிக்கடைகள் அதன் பின்னரும் திறந்திருந்தன. பசியோடும் போதையோடும் வெளியே வந்த இளைஞர் கூட்டத்துக்கு வேறு போக்கிடம் இருக்கவில்லை. குடித்து வந்த அதே பியரை அங்கும் கேட்டார்கள். புதிய மதுபானச் சட்டம் 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த பின்னர் பப் நேரங்கள் தளர்ந்தன. ஆனால் வழக்கம் அதற்கு முன்பே ஊறி விட்டது.

1980களின் இறுதியிலும் 90களிலும் அகதியாக வந்து, இப்படியான உணவகங்களில் கோப்பை கழுவியும் வெங்காயம் உரித்தும் வாழ்க்கையைத் தொடங்கியவர்கள் எம்மில் பலர். மூன்று போத்தல் பியருக்குப் பிறகு "உங்களிடம் உள்ளதில் ஆக உறைப்பானதைக் கொண்டு வா" என்று சவால் விடும் வெள்ளைக்கார இளைஞர்களை அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

இந்தச் சந்தையைக் கண்டு கொண்டவர்களில் ஒருவர் கரன் பிலிமோரியா. ஐதராபாத்தில் பிறந்து, கேம்பிரிட்ஜில் சட்டம் படித்தவர். சாதாரண லாகரில் வாயு அதிகம், சாப்பாட்டோடு குடித்தால் வயிறு ஊதி விடுகிறது, சாப்பிட முடியவில்லை என்பது அவரது முறைப்பாடு. வாயு குறைந்த, மென்மையான லாகர் ஒன்றைப் பெங்களூரில் வடிக்கச் செய்து, 1990 அளவில் பழைய கார் ஒன்றில் ஏற்றி உணவகம் உணவகமாக விற்கத் தொடங்கினார். அதுதான் கோப்ரா. அவர் சொன்ன முறைப்பாடு வைத்திய ரீதியிலும் சரியானதே. அதைப் பின்னர் பார்ப்போம்.

உறைப்பு உண்மையில் ஒரு சுவை இல்லை. அது ஒரு வலி. செத்தல் மிளகாயிலும் பச்சை மிளகாயிலும் உள்ள கப்சைசின் என்ற பொருள், நாக்கிலும் வாயிலும் உள்ள வலி நரம்புகளின் நுனியிலுள்ள ஒரு வாங்கியில் போய் ஒட்டுகிறது. கொதிக்கும் தேநீரை வாயில் வைத்தால் 'சுடுகிறது' என்று மூளைக்கு அறிவிப்பதும் இதே வாங்கிதான். ஏறத்தாழ 42, 43 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் போனால் அது விழித்துக் கொள்ளும். கப்சைசின் அதே கதவைத் தட்டுவதால், ஆறிப் போன கறியும் வாயைச் சுடுகிறது. அமெரிக்காவின் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இந்த வாங்கியை 1997 இல் கண்டுபிடித்தனர். 2021 இல் அவருக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. எமது அம்மாமார் அம்மியில் அரைத்த கூட்டுக்குள் இருந்த ஒரு விடயம் நோபல் பரிசு வரை போனதில் எமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டு.

குளிர்ந்த லாகரை ஒரு மிடறு குடித்ததும் எரிவு அடங்குவது உண்மைதான். அடக்குவது அதன் குளிர். வாங்கியைச் சுற்றியுள்ள இடம் குளிர்ந்தால் அது சற்று நேரம் ஓய்கிறது. விழுங்கியதும் வாய் மீண்டும் சூடேறும், எரிவும் திரும்பி வரும். உடனே இன்னொரு மிடறு. வழமையை விட வேகமாகவும் அதிகமாகவும் குடித்து விடுவதற்குக் காரணம் இதுவே. கப்சைசின் தண்ணீரில் கரையாது; கொழுப்பிலும் அற்ககோலிலும் கரையும். "அப்படியானால் பியர் அதைக் கரைத்து விடுமே" என்று கெட்டிக்காரர் ஒருவர் கேட்கலாம். லாகரில் அற்ககோல் 4, 5 வீதம்தான். மிகுதி பெரும்பாலும் தண்ணீர். அது கரைக்கப் போதாது.

அதற்கு மேல், அற்ககோல் இந்த வாங்கியைத் தூண்டி விடவும் செய்கிறது. 2002 இல் வெளியான ஓர் ஆய்வு, அற்ககோல் இருக்கும் போது இந்த வாங்கி விழித்துக் கொள்ளும் வெப்ப எல்லை 42 பாகையில் இருந்து ஏறத்தாழ 34 பாகைக்கு இறங்கி விடுவதைக் காட்டியது. எமது உடல் வெப்பமோ 37 பாகை. அதாவது எமது சொந்த உடற் சூடே சுடுவதாக நரம்பு உணரத் தொடங்குகிறது. சாராயம் தொண்டையில் எரிவதும், காயத்தில் ஸ்பிரிற் பட்டால் துடிப்பதும் இதனால்தான். பியரில் நுரைக்கும் காபனீரொட்சைட்டு வாயு தன் பங்குக்கு வேறொரு வலி வாங்கியைக் குத்துகிறது. ஆகவே குளிர் ஒரு கையால் ஆற்றுவதை, அற்ககோலும் வாயுவும் மறு கையால் கிளறி விடுகின்றன.

வாய் எரிவுக்கு உண்மையான மருந்து எமது வீட்டிலேயே இருக்கிறது. பால், தயிர், மோர். பாலிலுள்ள புரதமும் கொழுப்பும் கப்சைசினைப் பிடித்துக் கழற்றி எடுக்கின்றன. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தினர் 2019 இல் வெளியிட்ட ஒப்பீட்டில், கொழுப்பு நீக்கிய பாலும்கூடத் தண்ணீரை விட நன்றாக வேலை செய்தது. வாயு நிறைந்த பானங்களும் அற்ககோல் இல்லாத பியரும் அந்த அளவுக்கு உதவவில்லை. இனிப்பும் எரிவைக் குறைக்கும். வட இந்தியர் காரமான சாப்பாட்டோடு லஸ்ஸி குடிப்பதும், நாம் கடைசியில் தயிர்ச் சோறு சாப்பிடுவதும் ஆராய்ச்சி செய்து கண்டு பிடித்தவை இல்லை, ஆனால் சரியானவை.

"உடம்புச் சூட்டைத் தணிக்கும்" என்ற கதையையும் இங்கேயே முடித்து விடுவோம். அற்ககோல் சிறுநீரை மட்டுப்படுத்தும் ஓமோனைத் தடுக்கிறது. அதனால் சலம் கூடுதலாகப் போகும், உடல் நீர் இழக்கும். உறைப்புச் சாப்பாட்டில் வியர்த்து, பியரில் சலமும் போனால், மறுநாள் காலைத் தலையிடிக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சூடு தணிய வேண்டுமானால் தண்ணீர்ச் செம்பை மேசையில் வையுங்கள்.

வாயில் இருந்து வயிற்றுக்குப் போவோம். உணவுக் குழாய் இரைப்பையைச் சந்திக்கும் இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. வீட்டு வாசற் கதவு போல, உணவு போகும் போது திறந்து பின் மூடிக் கொள்ளும். இரைப்பையின் அமிலம் மேலே வராமல் தடுப்பது அதுதான். அற்ககோல் இந்தத் தசையைத் தளர்த்துகிறது. லாகரின் வாயு இரைப்பையைப் பலூன் போல் ஊத வைத்து, ஏவறையோடு அமிலத்தையும் மேலே தள்ளுகிறது. பியருக்கு இன்னொரு குணம் உண்டு. அற்ககோல் குறைவாக இருந்தாலும், புளிக்க வைத்த பானம் என்பதால் இரைப்பையில் அமிலம் சுரப்பதை விஸ்கியை விட நன்றாகத் தூண்டும். "பியர்தானே" என்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இதனோடு எண்ணெய் மிதக்கும் கறி, நெய் தடவிய நாண் ரொட்டி என்று சேர்ந்தால் இரைப்பை காலியாக நெடுநேரம் எடுக்கும். மேலே வந்த அமிலத்தோடு மிளகாயும் சேர்ந்து உணவுக் குழாயில் எரியும். இரவு 11 மணிக்குச் சாப்பிட்டு 12 மணிக்குப் படுத்தால் நெஞ்செரிவு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதற்கு வழி: சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழிந்த பின் படுப்பது, கட்டிலின் தலைமாட்டைக் கட்டை வைத்துச் சற்று உயர்த்துவது, பியரைக் குறைப்பது. தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து அமுக்கம் கூடும். மிளகாய் குடற்புண்ணை உண்டாக்கும் என்ற பழைய பயம் தேவையில்லை. பெரும்பாலான இரைப்பைப் புண்களுக்குக் காரணம் ஒரு பக்ரீரியா அல்லது இபுபுரொபன் போன்ற வலிக் குளிசைகள். பக்ரீரியாவைக் கண்டு பிடித்த அவுஸ்திரேலியர் இருவருக்கு 2005 இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் தலையிடிக்கு இபுபுரொபனைப் போட்டு விட்டு அதன் மேல் பியரும் குடித்தால் இரைப்பையில் குருதி கசியும் அபாயம் கூடும். கறுப்பாகத் தார் போல் மலம் போனால், விழுங்கச் சிரமம் இருந்தால், காரணமின்றி நிறை குறைந்தால், கவிஸ்கன் குடித்துக் கொண்டு இருக்காமல் உடனே வைத்தியரிடம் காட்டுங்கள்.

இனி எம்மை இந்தக் கட்டுரை எழுத வைத்த விடயத்துக்கு வருகிறோம். தெற்காசியருக்கு மாரடைப்பு வெள்ளையரை விடக் கூடுதலாகவும் இளம் வயதிலும் வருகிறது. நாற்பதுகளில் வருவது அபூர்வமில்லை. மாரடைப்பின் வலி எல்லோருக்கும் சினிமாவில் வருவது போல் நெஞ்சைப் பிடித்துக் கொண்டு விழும்படி வராது. நடு நெஞ்சில் ஒரு பாரம், ஓர் இறுக்கம், சில வேளைகளில் நெஞ்செரிவு போன்ற ஓர் எரிவு. உறைப்பான சாப்பாடும் மூன்று நான்கு பியரும் உள்ளே போன இரவில் இது வந்தால் எவரும் என்ன நினைப்பார்கள்? "சாப்பாடு ஒத்துக் கொள்ளவில்லை" என்றுதான். ஓம வாட்டர் குடிப்பார், ஈனோ கரைத்துக் குடிப்பார், இஞ்சித் தேநீர் கேட்பார், "விடியப் பார்ப்போம்" என்று படுத்து விடுவார். வீட்டில் உள்ளவர்களும் "குடித்தது போதாதா" என்று கோபத்தில் திரும்பிப் படுத்து விடுவார்கள். அடைபட்ட குருதிக் குழாயைத் திறக்கக் கிடைக்கும் முதல் மணித்தியாலங்கள் இப்படியே போய் விடுகின்றன. இருதயத் தசை செத்த பின் வருபவருக்கு எந்த வைத்தியசாலையாலும் அதை மீட்டுக் கொடுக்க முடியாது.

ஆகவே மனைவிமாரும் வளர்ந்த பிள்ளைகளும் இதை நன்றாக மனதில் இருத்துங்கள். நெஞ்செரிவோடு வியர்வை கொட்டினால், மூச்சு வாங்கினால், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், முகம் வெளிறினால், பதினைந்து நிமிடத்துக்கு மேலும் ஓயாது நின்றால், 999 ஐ அழையுங்கள். அவர் வேண்டாம் என்றாலும் அழையுங்கள். அழைத்த பின், அஸ்பிரின் ஒவ்வாமை இல்லாதவராயின் 300 மில்லிகிராம் அஸ்பிரினைச் சப்பிச் சாப்பிடக் கொடுக்கலாம். குடித்தவரின் காரில் குடித்த இன்னொருவர் வைத்தியசாலைக்கு ஓட்டிச் செல்வது கூடவே கூடாது. நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல் வரலாம். திடீர்க் களைப்பும் வியர்வையும் மட்டுமே அடையாளமாக இருக்கலாம். போய்ப் பார்த்து வெறும் நெஞ்செரிவு என்று தெரிந்தால் எவரும் உங்களைக் குறை சொல்ல மாட்டார்கள். அம்புலன்ஸ் வந்தால் அயலவர் என்ன நினைப்பார்கள் என்று யோசித்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

நீரிழிவுக்காரருக்கு இன்னொரு பொறி உண்டு. பியரில் மாச்சத்து இருப்பதால் முதலில் சீனி ஏறும். பின்னர் ஈரல் அற்ககோலை எரிப்பதிலேயே மினக்கெடுவதால், குருதிக்குச் சீனியை விடுவிக்கும் தன் வேலையைக் குறைத்து விடும். இன்சுலின் போடுபவர், கிளிக்கிளசைட் போன்ற குளிசை எடுப்பவர், பியரும் பைற்சும் எடுத்து விட்டுச் சோறு சாப்பிடாமல் படுத்தால், விடியப் புறம் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். அப்போது அவர் தள்ளாடுவார், பேச்சுக் குழறும், வியர்க்கும், எரிந்து விழுவார். பார்ப்பவர்களுக்கு வெறிதான் என்று தோன்றும். "படுத்து எழும்பட்டும்" என்று விட்டு விடுவார்கள். இது உயிருக்கே ஆபத்து. சந்தேகம் வந்தால் விரலில் குத்தி அளந்து பாருங்கள். 4 க்குக் கீழே இருந்து, விழுங்கக் கூடியவராக இருந்தால் இனிப்புப் பானம் கொடுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்றாமல் 999. மெற்றோனிடசோல் என்ற அன்ரிபயோற்றிக் எடுப்பவர்கள் அது முடிந்து இரண்டு நாட்கள் வரை அற்ககோலைத் தொடவே வேண்டாம்.

அளவுக் கணக்கு எம்மவருக்குக் குழப்பமாக இருப்பதை அடிக்கடி காண்கிறோம். இந்நாட்டில் ஒரு யூனிற் என்பது 10 மில்லிலீற்றர் தூய அற்ககோல். 5 வீத லாகர் ஒரு பைன்ற், அதாவது 568 மில்லிலீற்றர், 2.8 யூனிற். உணவகங்களில் வரும் 660 மில்லிலீற்றர் பெரிய போத்தல் 3.3 யூனிற். 2016 இல் இருந்து ஆணுக்கும் பெண்ணுக்கும் வாரத்துக்கு 14 யூனிற்றுக்கு மேல் வேண்டாம் என்பதே இங்குள்ள தலைமை வைத்திய அதிகாரிகளின் ஆலோசனை. அதையும் மூன்று நாட்களுக்காவது பிரித்துக் கொள்ள வேண்டும். சனிக்கிழமைக் கொண்டாட்டம் ஒன்றில் நான்கு பெரிய போத்தல் குடிப்பவர் கிட்டத்தட்ட ஒரு வாரக் கணக்கை ஓர் இரவில் முடிக்கிறார். பைன்ற் ஒன்றில் 220 முதல் 240 வரை கலோரி உண்டு. அது போய்ச் சேரும் இடம் வண்டியும் ஈரலும். தெற்காசிய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்கு மேல் போனாலே ஆபத்து என்று கொள்ளப்படுகிறது. எமது சோதனைகளில் ஈரலில் கொழுப்பு என்று வருபவர்களில் பலர் "நான் குடிகாரன் இல்லை" என்று உண்மையாகவே நம்புபவர்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் அற்ககோல் ஏறாது என்பதும் அரை உண்மை. மெதுவாக ஏறும், இறங்கவும் நேரம் எடுக்கும். ஈரல் ஒரு யூனிற்றைக் கழிக்க ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். இரவு ஒரு மணிக்குப் பத்து யூனிற்றோடு படுத்தவர் காலை ஏழு மணிக்குக் கடை திறக்கக் கார் ஓட்டிச் சென்றால், பொலிஸ் மறித்து ஊதச் சொல்லும் போதுதான் மிச்சம் தெரிய வரும்.

உறைப்போடு லாகர் வேண்டும் என்று விரும்பும் நலமான ஒருவர் சிறிய போத்தல் ஒன்றைச் சாப்பாட்டோடு மெதுவாகக் குடித்து, பக்கத்தில் தண்ணீரும் கடைசியில் மோரும் வைத்துக் கொண்டால் நாம் தடுக்க மாட்டோம். நாள் தோறும் அதிகமாகக் குடிப்பவர்கள் இதை வாசித்து விட்டு நாளையே ஒரேயடியாக நிறுத்தி விட வேண்டாம். கை நடுக்கம், வலிப்பு, பிதற்றல் என்று வரலாம். வைத்தியரின் உதவியோடு படிப்படியாகக் குறைக்க வேண்டும். வைத்தியரிடம் போகும் போது ஆங்கிலம் போதாது என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள், கட்டணம் இல்லை. பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டி வந்து, "அப்பா எத்தனை போத்தல் குடிக்கிறவர்" என்பதை அந்தப் பிள்ளையின் வாயால் சொல்ல வைக்காதீர்கள்.